லோயல் என்பதும் ஃபெய்த்ஃபுல் என்பதும்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு நேயர் எழுதிய கடிதம் சில வாரங்களாக என் மேசையில் இருக்கிறது. ஆங்கில இலக்கியச் சொற்கள் பற்றி வானொலியில் பேசத் தொடங்கிய பின் எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பரீட்சைக்குத் தேவையான கேள்விகளைக் கொண்டவை. இது அப்படியானதல்ல. நேயருடைய தகப்பனார் கோட்டையில் ஒரு கம்பனியில் 30 வருடங்களுக்கு மேல் காசாளராக வேலை பார்த்தவர். அவர் ஓய்வு பெற்றபோது கொடுக்கப்பட்ட நற்சான்றிதழில், அவர் 'லோயல்' ஆகவும் 'ஃபெய்த்ஃபுல்' ஆகவும் பணியாற்றினார் என்று எழுதப்பட்டிருக்கிறதாம். தகப்பனார் காலமாகிவிட்டார். அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வைத்திருக்கும் மகள் கேட்கிறார்: "அகராதியில் இரண்டுக்கும் விசுவாசமுள்ள என்றே இருக்கிறது. ஒன்றையே இரண்டு தடவை சொல்லிவிட்டார்களா? அல்லது அப்பாவைப் பற்றி இரண்டு விஷயங்களைச் சொல்லியிருக்கிறார்களா?"

இரண்டு விஷயங்களைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். சான்றிதழை எழுதியவர் அப்படி நினைத்துத்தான் எழுதினாரா என்பது வேறு கதை. சொற்களைச் சோடி சோடியாக அடுக்குவது ஆங்கிலேயரின் பழைய பழக்கம். சட்டப் பத்திரங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆயினும், எழுதுபவர் மறந்துபோனதைச் சொல் மறப்பதில்லை. அந்த மறவாத பகுதியை வானொலியில் சொல்ல முடிந்ததை விடச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் 'லோயல்'. இது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். இதன் மூலம் 'லெகாலிஸ்' என்ற இலத்தீன் சொல். 'லெக்ஸ்' என்றால் சட்டம். சட்டத்துக்குரியது, சட்டப்படியானது என்பதே 'லெகாலிஸ்' என்பதன் பொருள். அதே சொல்லே 'லீகல்' என்றும் ஆங்கிலத்தில் வழங்குகிறது. ஆகவே நீதிமன்றத்தில் கேட்கும் 'லீகல்' என்ற சொல்லும், நண்பனைப் புகழும் 'லோயல்' என்ற சொல்லும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஸ்கொட்லாந்துப் பக்கத்தில் 'லீல்' என்று மூன்றாவது பிள்ளையும் உண்டு. தமிழில் 'இலட்சணம்', 'இலக்கணம்' இரண்டும் ஒரே வடசொல்லின் இரு வடிவங்கள் என்று கொள்வோர் பலர். ஒன்று பெண் பார்க்கப் போகும் வீட்டில் வழங்குகிறது, மற்றது வகுப்பறையில். சொற்கள் பிறந்த வீட்டை விட்டு இப்படித்தான் வெவ்வேறு திசைகளுக்குப் போகின்றன.

சட்டத்திலிருந்து பிறந்ததால் 'லோயல்' என்பதற்குள் எப்போதும் ஒரு கட்டு இருக்கிறது. மன்னனுக்கு, படைத்தலைவனுக்கு, கட்சிக்கு, கம்பனிக்கு, சில வேளைகளில் ஒரு கிரிக்கெட் அணிக்கு ஒருவர் லோயல் ஆக இருக்கிறார். அதாவது, ஒரு பக்கம் இருக்கிறது, அவர் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர், பக்கம் மாறமாட்டார். அந்தப் பக்கம் செய்வது சரியா, பிழையா என்பது இந்தச் சொல்லுக்குள் வராது. வெள்ளவத்தையில் காலி வீதியில் உள்ள சுப்பர் மார்க்கட்டுகளில் 'லோயல்டி கார்ட்' தருகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்று போட்டிக் கடைகளின் அட்டைகளைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். மூன்று மன்னர்களுக்கு ஒரே நேரத்தில் விசுவாசப் பிரமாணம் செய்த குறுநில மன்னரைப் போல!

'ஃபெய்த்ஃபுல்' வேறொரு வீட்டுப் பிள்ளை. இதன் மூலம் 'ஃபிதேஸ்' என்ற இலத்தீன் சொல். நம்பிக்கை, கொடுத்த வாக்கு, அந்த வாக்கைக் காப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். இந்தக் குடும்பம் மிகப் பெரியது. 'ஃபிடெலிட்டி' இதிலிருந்து வந்தது. நிச்சயிக்கப்பட்ட பெண்ணைக் குறிக்கும் 'ஃபியான்சே'யும் இதிலிருந்து வந்ததே. வெள்ளைக்காரர் நாய்க்கு வைக்கும் 'ஃபைடோ' என்ற பெயரும் இந்தக் குடும்பந்தான். நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டது என்பதற்கு வழக்கறிஞர் சொல்லும் 'போனா ஃபைடி', நம்பிக்கைத் துரோகத்தைக் குறிக்கும் 'பெர்ஃபிடி', வேற்று மதத்தவரை இழித்துச் சொல்லப் பயன்பட்ட 'இன்ஃபிடெல்' எல்லாம் உறவுக்காரர்களே. பழைய இசைத்தட்டுப் பெட்டிகளில் 'ஹை-ஃபை' என்று எழுதியிருந்ததை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அது 'ஹை ஃபிடெலிட்டி'யின் சுருக்கம். பாடகர் பாடியதைக் கூட்டாமல் குறைக்காமல் திருப்பித் தருவேன் என்று அந்தப் பெட்டி வாக்குக் கொடுக்கிறது. இன்று பிள்ளைகள் வீட்டுக்கு வந்ததும் கேட்கும் 'வை-ஃபை', 1999இல் இந்த 'ஹை-ஃபை'யை ஒட்டிச் சூட்டப்பட்ட வணிகப் பெயர். அதற்குள் விசுவாசம் எதுவும் இல்லை. மழைக்காலத்தில் இது எல்லோருக்கும் தெரியும்.

'ஃபெய்த்ஃபுல்' என்ற சொல்லில் ஒரு விசித்திரம் உண்டு. அது இரு திசைகளில் பார்க்கிறது. நம்புகிறவனும் ஃபெய்த்ஃபுல், நம்பத் தகுந்தவனும் ஃபெய்த்ஃபுல். கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயத்தில் ஞாயிறு பூசைக்குக் கூடுபவர்களை ஆங்கிலத்தில் 'த ஃபெய்த்ஃபுல்' என்பார்கள். தமிழில் 'விசுவாசிகள்'. இங்கே நம்புகிறவர்கள் என்பது பொருள். ஆனால் ஃபெய்த்ஃபுல் ஆன வேலைக்காரன் என்றால் அவன் எதையும் நம்புகிறவன் அல்லன். அவனைப் பிறர் நம்பலாம். தமிழில் விவிலியத்தை மொழிபெயர்த்தவர்கள் இந்த முடிச்சைக் கண்டுகொண்டார்கள். நம்பும் மனிதனுக்கு 'விசுவாசி' என்றும், நம்பத் தகுந்தவருக்கு 'உண்மையுள்ளவர்' என்றும் இரு சொற்களை அவர்கள் ஆண்டார்கள். ஆங்கிலத்தில் ஒன்றாகக் கிடந்ததைத் தமிழ் பிரித்துக் காட்டிய இடம் இது.

விவிலிய மொழிபெயர்ப்பு என்றதும் நம் நாட்டவர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரின் மேற்பார்வையில் நடந்த விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர் ஆறுமுக நாவலர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1848இல், நாவலர் மிஷன் பணியை விட்டு விலகி, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிவிட்டார். கிறிஸ்தவத்தை ஏற்காத ஒருவர், கிறிஸ்தவ நூலை மூலம் கெடாமல் தமிழில் தர உழைத்தார். மொழிபெயர்ப்பு 'ஃபெய்த்ஃபுல்' ஆக இருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். 'லோயல்' ஆன மொழிபெயர்ப்பு என்று சொல்வதில்லை. நாவலரின் பக்கம் சைவம். ஆனால் கையில் எடுத்த வேலைக்கு அவர் காட்டிய நாணயம் பக்கம் பார்க்காதது. இந்த இரு சொற்களுக்கும் உள்ள இடைவெளியை விளக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

இப்போது காசாளர் தகப்பனாரிடம் வருவோம். இரும்புப் பெட்டியின் திறப்பு அவர் கையில் இருந்தது. கணக்குப் புத்தகமும் அவர் கையில் இருந்தது. மாலையில் எண்ணிய காசும் எழுதிய கணக்கும் ஒத்துப்போயின. 30 வருடமும் ஒத்துப்போயின. இது 'ஃபெய்த்ஃபுல்'. அடுத்த தெருவில் உள்ள போட்டிக் கம்பனி சம்பளம் கூட்டித் தருவதாக அழைத்திருக்கலாம்; கம்பனி நட்டத்தில் ஓடிய காலத்தில் பலர் விலகியிருக்கலாம்; அவர் போகவில்லை. இது 'லோயல்'. இரண்டும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருக்கும்போது நாம் வித்தியாசத்தைக் காண்பதில்லை. முதலாளியே ஒருநாள் வந்து, "இந்த இலக்கத்தைச் சற்று மாற்றி எழுது" என்று சொன்னால் என்ன நடக்கும்? அந்த நிமிடத்தில் இரண்டு சொற்களும் பிரிந்து எதிரெதிரே நிற்கும். மாற்றி எழுதுபவர் லோயல். மறுப்பவர் ஃபெய்த்ஃபுல். ஆதலால் சான்றிதழில் இரண்டும் இருந்தது வீண் அடுக்கு அல்ல. இரண்டையும் ஒருங்கே பெறுவது அரிது.

ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தை க.பொ.த. உயர்தரத்தில் படித்தவர்களுக்கு கென்ட் பிரபு நினைவிருப்பார். மன்னன் இளைய மகளை வெறுத்து ஒதுக்கும்போது, அது பிழை என்று முகத்துக்கு நேரே சொன்னவர் அவர். நாடு கடத்தப்பட்டார். பின்னர் மாறுவேடத்தில் திரும்பி வந்து, அதே மன்னனுக்கு வேலைக்காரனாக இருந்தார். பிழையைப் பிழை என்றது ஃபெய்த்ஃபுல். திரும்பி வந்தது லோயல். ஜோசப் கொன்ராட் 1900இல் வெளியிட்ட 'லோர்ட் ஜிம்' நாவலில் வருபவன் இதற்கு மறுபுறம். யாத்திரிகர்களை ஏற்றிச் சென்ற கப்பல் மூழ்கப் போகிறது என்று எண்ணி, அவர்களை விட்டுவிட்டுப் படகில் குதித்த மாலுமி அவன். விசாரணை மன்று அவனது சான்றிதழைப் பறித்தது. சட்டத்தின் கணக்கு அத்துடன் தீர்ந்தது. நாவலின் எஞ்சிய பெரும்பகுதி தீராத மற்றக் கணக்கைப் பற்றியது.

நமக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கம்பனில் இந்த இருவரும் அண்ணன் தம்பியாகவே நிற்கிறார்கள். இராவணன் செய்தது பிழை என்று கும்பகருணனுக்கும் தெரியும், வீடணனுக்கும் தெரியும். இருவரும் அதை அண்ணனிடம் சொல்லவும் செய்தார்கள். வீடணன் இலங்கையை விட்டுப் போனான். கும்பகருணன் போகவில்லை. போர்க்களத்தில் தம்பி வந்து அழைத்தபோதும், தன்னை வளர்த்தவனுக்காகச் சாவதே தன் வழி என்று மறுத்துவிட்டு, "நீ போ, உனக்கு அதுவே தகும்" என்ற கருத்தில் தம்பியை வாழ்த்தி அனுப்புகிறான். கும்பகருணனை லோயல் என்போம். வீடணன் அறத்துக்கு ஃபெய்த்ஃபுல். கம்பன் ஒருவனை உயர்த்தி மற்றவனைத் தாழ்த்தவில்லை. வாசகர்தான் அதைச் செய்கிறார். தமிழ் மேடைகளில் கைதட்டல் பெரும்பாலும் கும்பகருணனுக்கே கிடைக்கும். வைணவர்களோ வீடணனை ஆழ்வார் என்கிறார்கள். கொழும்பிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள களனி விகாரையில் விபீஷணனுக்குத் தேவாலயம் உண்டு. சிங்கள மக்கள் அவனைக் காவல் தெய்வமாக வணங்குகிறார்கள். அண்ணனைக் கைவிட்டவன் ஊரைக் காக்கும் தெய்வமானது எப்படி என்று யோசித்துப் பார்க்கலாம்.

கும்பகருணனையும் கர்ணனையும் பேசும்போது நாம் பயன்படுத்தும் சொல் 'செஞ்சோற்றுக் கடன்'. ஆங்கிலத்தில் இதற்கு நேர்ச்சொல் இல்லை. ஆங்கில விசுவாசம் சட்டத்திலிருந்தும் வாக்கிலிருந்தும் பிறக்கிறது. தமிழ் விசுவாசம் சோற்றிலிருந்து பிறக்கிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் வீடுகளில் சொல்வார்கள். வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். ஆங்கிலேயரின் நாய் 'ஃபெய்த்ஃபுல்'; நம்முடைய நாய் 'நன்றியுள்ள பிராணி'. நாய் ஒன்றுதான். ஆங்கிலேயர் அது வாக்குத் தவறாததைப் பார்க்கிறார். நாம் அது உண்டதை மறக்காததைப் பார்க்கிறோம். நன்றியில் ஓர் ஆபத்தும் உண்டு. சோறு போட்டவன் கெட்டவனாக இருந்தாலும் கடன் கடன்தான். கர்ணன் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

'விசுவாசம்' வடமொழிச் சொல் என்பது நேயர்கள் அறிந்ததே. நம்பிக்கை என்பதே அதன் முதற்பொருள். அரசனிடம் குடிகள் காட்டும் பற்று, எசமானிடம் வேலையாள் காட்டும் பற்று என்ற பொருள்களும் தமிழில் அதற்கு ஏறிவிட்டன. ஒரு சொல் இத்தனை சுமையைச் சுமக்கிறது. ஆகவேதான் அகராதி அந்த மகளை ஏமாற்றியது.

வேறு சில ஆங்கிலச் சொற்களையும் இந்த வரிசையில் வைக்கலாம். 'ஸ்டோன்ச்' என்றால் நீர் புகாதது. பழைய ஆங்கிலத்தில் நல்ல கப்பலுக்கு இந்தச் சொல்லைச் சொன்னார்கள். ஓட்டையில்லாத கப்பலைப் போல் எத்தனை அலை அடித்தாலும் உள்ளே தண்ணீர் வராத ஆதரவாளரே ஸ்டோன்ச் ஆதரவாளர். 'ஸ்டெட்ஃபாஸ்ட்' என்பதில் இடம் என்ற பொருளும் உறுதி என்ற பொருளும் சேர்ந்திருக்கின்றன. நின்ற இடத்தை விட்டு அசையாதவர். 'கொன்ஸ்டன்ட்' என்பதிலும் நிற்றல் என்ற பொருளே அடியில் கிடக்கிறது. காதலருக்கும் கணித ஆசிரியருக்கும் அது பொதுச் சொல். 'டிவோஷன்' நேர்த்திக்கடனோடு சம்பந்தப்பட்டது. நாம் பக்தி என்று சொல்வதற்கு அண்மையில் அது நிற்கிறது. முன்னர் இராச விசுவாசத்தை 'இராசபக்தி' என்றும் எழுதினார்கள். பக்தி கோயிலுக்குரியது. அதை மாளிகைக்குக் கடன் கொடுத்தது நல்லதல்ல என்பது என் அபிப்பிராயம்.

தம்பதியர் விஷயத்தில் ஆங்கிலம் 'ஃபெய்த்ஃபுல்' என்றே சொல்லும், கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே சொல். தமிழில் பெண்ணுக்குக் 'கற்பு' என்று ஒரு பெரிய சொல்லை வைத்து, கண்ணகியை அதன் உச்சியில் நிறுத்தினோம். ஆணுக்குச் சொல்லே வைக்கவில்லை. கோவலன் எந்தச் சொல்லை மீறினான் என்று கேட்டால் தமிழ் அகராதி மௌனமாகிறது. கற்பு ஆணுக்கும் உரியது என்று பாரதி வாதாடினார். ஆனால் சொல் இன்னும் ஆண்பால் பக்கம் வரவில்லை.

இதுவரை பார்த்தவை வீட்டுக்கும் கந்தோருக்கும் உரியவை. அரசு கேட்கும் விசுவாசத்துக்கு ஆங்கிலத்தில் 'அலீஜன்ஸ்' என்று தனிச்சொல் இருக்கிறது. 'லீஜ்' என்றால் நிலப்பிரபு. அந்தப் பிரபுவின் ஆளாக இருப்பவன் அவனுக்குச் செலுத்த வேண்டிய கடமையே அலீஜன்ஸ். பிரபுவின் முன் முழந்தாளிட்டு அவன் செய்யும் சத்தியம் 'ஃபீயல்டி'. 'ஃபிடெலிட்டி'யும் 'ஃபீயல்டி'யும் ஒரே இலத்தீன் சொல்லின் பிள்ளைகள். ஒன்று நேர்வழியில் வந்தது, மற்றது பிரெஞ்சுக் கிராமங்களில் தேய்ந்து வந்தது.

இந்தச் சொற்கள் நம் நாட்டில் வெறும் அகராதிச் சொற்களாக இருக்கவில்லை. சுதந்திரத்தின் பின்னும் 1972 மே 22 வரை இலங்கையின் அரசத் தலைமை பிரித்தானிய முடியிடமே இருந்தது. பதவியேற்றவர்கள் முடிக்கே ஃபெய்த்ஃபுல் ஆக இருப்போம் என்று சத்தியம் செய்தார்கள். குடியரசு ஆனதும் சத்தியம் குடியரசுக்கு மாறியது. 1978 அரசியலமைப்பின் நான்காவது அட்டவணையில் உள்ள சத்தியத்திலும் 'ஃபெய்த்ஃபுல்' என்ற சொல் இருக்கிறது. கடமையை ஃபெய்த்ஃபுல் ஆகச் செய்வேன், குடியரசுக்கு ஃபெய்த்ஃபுல் ஆக இருப்பேன் என்பது அதன் சாரம். ஐம்பதுகளில் அரச பதவிக்கு வந்து எண்பதுகள் வரை இருந்த ஒருவர் முடிக்கு ஒன்று, முதற் குடியரசுக்கு ஒன்று, இரண்டாவதற்கு ஒன்று என்று சத்தியங்களை மாற்றிக்கொண்டே வந்திருப்பார். கந்தோர் அதே கந்தோர், கதிரை அதே கதிரை.

1983 ஜூலை வன்செயலை அடுத்து, ஆகஸ்ட் 8ஆம் திகதி ஆறாவது திருத்தம் வந்தது. அதன் சத்தியம் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. அரசியலமைப்பைப் பேணிக் காப்பேன் என்றும், இலங்கைக்குள் தனிநாடு அமைவதை நாட்டுக்குள்ளும் வெளியிலும் நேராகவோ மறைமுகமாகவோ ஆதரிக்கமாட்டேன், வளர்க்கமாட்டேன், பணம் கொடுக்கமாட்டேன் என்றும் அது விரிந்து செல்கிறது. சொல்லாராய்ச்சிக்காரன் என்ற முறையில் நான் கவனித்தது ஒன்று. அந்த நீண்ட வாக்கியத்தில் 'ஃபெய்த்ஃபுல்' என்ற சொல் இல்லை. 'லோயல்' என்ற சொல்லும் இல்லை. ஆனால் 'லோயல்' என்பதன் வேர்ப்பொருள் மட்டும் முழுமையாக இருக்கிறது: சட்டத்துக்குள் நில்.

தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை முன்வைத்து 1977 தேர்தலில் வென்றவர்கள். அந்தத் தீர்மானம் தனிநாட்டைக் கேட்டது. வாக்காளருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், சட்டம் கேட்ட சத்தியம் மறுபக்கம். ஃபிடெலிட்டியும் லோயல்டியும் இவ்வளவு வெளிப்படையாக மோதியதை வேறெங்கும் நான் படித்ததில்லை. அவர்கள் சத்தியம் செய்யவில்லை. ஆசனங்களை இழந்தார்கள். அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர் அ. அமிர்தலிங்கம். பிரித்தானியப் பாராளுமன்ற மரபில் எதிர்க்கட்சிக்கு 'லோயல் ஒப்பொசிஷன்' என்று பெயர். அரசாங்கத்தை எதிர்க்கலாம், அரசுக்கு எதிரானவர் ஆகமாட்டார் என்பது அந்தப் பெயரின் அர்த்தம். அந்தப் பெயர் இங்கே அன்று பொருளிழந்தது. 1989இல் தேசியப் பட்டியல் மூலம் அவர் மீண்டும் பாராளுமன்றம் சென்றார். அவ்வருடம் ஜூலை 13ஆம் திகதி கொழும்பில் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். சட்டம் அவரை ஒரு முறை வெளியே நிறுத்தியது. துப்பாக்கி வைத்திருந்தவர்களின் அகராதியிலோ அவருக்கு வேறு சொல் இருந்தது. இரண்டு பக்கங்கள் இருக்கும் நாட்டில் 'லோயல்' என்பது ஒரு மனிதனுக்கு இரண்டு தடவை விலை கேட்கக்கூடிய சொல்.

பக்கம் என்றதும் சிங்கள மொழியில் உள்ள ஒரு சொல்லைக் குறிப்பிட வேண்டும். நாம் நாள்தோறும் பக்கத்து வீட்டில் கேட்கும் மொழி அது; ஆனால் அதன் சொற்களை நின்று பார்ப்பது குறைவு. லோயல் என்பதற்குச் சிங்களத்தில் 'பக்ஷபாத' என்பார்கள். லோயல்டி, 'பக்ஷபாதித்வய'. அதே வடசொல் தமிழில் 'பட்சபாதம்'. தமிழில் அது குற்றம்! நீதிபதி பட்சபாதமாக நடந்தார், ஆசிரியர் பட்சபாதம் காட்டினார் என்று குறை சொல்லவே அதை எடுக்கிறோம். ஒரு பக்கம் சாய்தல் என்பதே இருவருக்கும் பொருள். சிங்களத்தில் அது விசுவாசியின் குணம். தமிழில் நடுவுநிலை தவறியவனின் குற்றம். சிங்களத்திலும் 'அபக்ஷபாதி' என்றால் பாரபட்சமற்றவர் என்பதைக் கவனியுங்கள். அங்கே அந்தச் சொல்லின் மற்ற முகம் தெரிகிறது. எந்த மொழி சரி என்று நான் சொல்லப் போவதில்லை. 'லோயல்' என்ற ஆங்கிலச் சொல் எதை மூடி வைத்திருக்கிறதோ அதை இந்த இரு மொழிகளும் சேர்ந்து திறந்துவிட்டன.

கடைசியாக வைத்திருந்த சொல் 'ட்ரூ'. உண்மை என்று எல்லோருக்கும் தெரிந்த, பாலர் வகுப்புச் சொல். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அதன் முதற்பொருள் நடந்ததோடு ஒத்துப்போவது என்பதல்ல. நம்பிக்கை தவறாதவர், கைவிடாதவர் என்பதே. நடந்ததைச் சரியாகச் சொல்வது என்ற பொருள் பிந்தி வந்தது. 'ட்ரூத்' என்பதன் கூடப்பிறந்த 'ட்ரோத்', திருமண வாக்கைக் குறித்தது. போரை நிறுத்தச் செய்யும் உடன்படிக்கையான 'ட்ரூஸ்' இதே குடும்பம். மரத்தைக் குறிக்கும் 'ட்ரீ'யும் தூரத்து உறவு என்று சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். மரத்தைப் போல் உறுதியாக நிற்பவரே ட்ரூ.

ஈ. எம். ஃபோஸ்டர் 1938இல் எழுதிய ஒரு கட்டுரையில், நாட்டுக்கும் நண்பனுக்கும் இடையில் ஒன்றைத் தெரிய வேண்டி வந்தால் நண்பன் பக்கம் நிற்கத் தமக்குத் துணிவு வேண்டும் என்ற கருத்தை வெளியிட்டார். அது அவருக்கு நிறைய வசை வாங்கிக் கொடுத்தது. கேம்பிரிட்ஜில் அது ஒரு சிந்தனை. 1983 ஜூலை 25ஆம் திகதி வெள்ளவத்தையில் அது சிந்தனையாக இருக்கவில்லை. காலி வீதியில் கடைகள் எரிந்துகொண்டிருந்தபோது, ஒழுங்கைகளுக்குள் கூட்டம் புகுந்து தமிழர் வீடு எது என்று தேடியது. பல வீடுகளின் பின் அறைகளில் தமிழ்க் குடும்பங்கள் மூச்சடக்கி இருந்தன. வாசலில் சிங்கள அயலவர் நின்றார்கள், சில இடங்களில் முஸ்லிம் அயலவர். "இங்கே அப்படி ஒருவரும் இல்லை" என்றார்கள்.

அவர்கள் சொன்னது பொய். கூட்டத்தின் கணக்கில் அவர்கள் தம் பக்கத்துக்குப் பக்ஷபாதமாக இருக்கவுமில்லை. அவர்களிடம் யாரும் சத்தியம் வாங்கியிருக்கவில்லை. அவர்கள் எதிலும் கையொப்பமிடவில்லை. செஞ்சோற்றுக் கடனும் கிடையாது. அதிகமாகப் போனால் பொங்கலுக்கு ஒரு தட்டுச் சர்க்கரைப் பொங்கல், வெசாக்குக்கு ஒரு தட்டுக் கிரிபத் மதிலுக்கு மேலால் கைமாறியிருக்கும். லோயல், அலீஜன்ஸ், ஃபீயல்டி என்று இதுவரை பார்த்த எதையும் அந்த வாசலில் நின்றவர்களுக்குப் பொருத்த முடியாது. பொய் சொன்ன அந்த மனிதர்களுக்குப் பழைய ஆங்கிலம் வைத்திருந்த பெயர் 'ட்ரூ'.

தமிழில் உத்தியோகக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தவர்கள், ஆங்கிலக் கடிதத்தின் அடியில் வரும் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்பதற்குத் 'தங்கள் உண்மையுள்ள' என்று வைத்தார்கள். சிங்களத்தில் அதே இடத்தில் 'மெயட்ட விஸ்வாசி' என்று எழுதுகிறார்கள். முகம் தெரியாத மின்சார சபை அதிகாரிக்கு மீட்டர் பழுதென்று எழுதும்போதும் நாம் 'உண்மையுள்ள' என்றே கையொப்பமிடுகிறோம். விசுவாசம் என்ற சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அந்தப் பெயர் தெரியாத மொழிபெயர்ப்பாளர் 'உண்மை'யை எடுத்தார். 'ட்ரூ' என்பதன் பழைய பொருளை அவர் அறிந்திருந்தாரோ என்னவோ, கை சரியான சொல்லில் விழுந்திருக்கிறது.

அடுத்த வாரம் இவற்றின் எதிர்ப்பக்கமான 'ட்ரீசன்', 'பிட்ரேயல்' ஆகிய சொற்களைப் பார்ப்போம்.